சம்பந்தி வீட்டு வாத்தியம்

மார்ச் 3

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று என் மருமகள் சொல்கிறாள்.

நாம் பேசிக்கொள்வதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப் போகிறது. அதை மாற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. போனில் பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் மகள் தடுத்துவிட்டாள். "போன் வேணாம் அத்தை. ரெண்டு பேருக்குமே குரல் ஏறிடும். எழுதுங்க. எழுதினா, பிடிக்காத வரியை அடிச்சுட்டு வேற எழுதிக்கலாம்" என்றாள். உங்கள் வளர்ப்பு என்றாலும் புத்திசாலிப் பெண்.

விஷயம் இதுதான். நான் வாசிக்கும் டபுள் பேஸ் எங்கள் இசைக்குழுவின் சொத்து. வயலின் ஜாதியிலேயே பெரியது. என்னைவிட உயரம், என்னைவிட வயது. அதன் தலையின் இரு பக்கமும் பித்தளைத் தகடுகள் உண்டு. ஒவ்வொரு தகட்டிலும், தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனிங் கீ இரண்டு. இடப்பக்கத்துக் கீ இரண்டும் இப்போது என் பேச்சைக் கேட்பதில்லை. ஒன்று இறுகிக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்கிறது. மற்றது திருப்பி வைத்த இடத்தில் நிற்காமல் நழுவுகிறது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுருதி இறங்கிவிடுகிறது.

என் பராமரிப்பில் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷமாக, ஞாயிறு தவறாமல், தையல் மெஷின் எண்ணெய் விட்டு வருகிறேன்.

எங்களுக்கு ஒரு புது நிர்வாகி வந்திருக்கிறார். எதைப் பார்த்தாலும் "புதுசு வாங்கிடலாம்" என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'புதுசு'. அவர் போன வாரம் என்னிடம், "இதை வித்துட்டு வேற வாங்கிடலாம் மேடம். நீங்களும் எவ்வளவு நாள்தான் இதைத் தூக்கிட்டு அலைவீங்க?" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம் பேஸைப் பற்றியது இல்லை என்று உங்களுக்கே புரியும். ஏப்ரலில் ஒரு ஒத்திகை முழுக்க இந்த வாத்தியம் சுருதியில் நின்று காட்ட வேண்டும். நிற்காவிட்டால் நிர்வாகக் குழு விற்றுவிடும். மே மாதக் கச்சேரியில் பேஸ் தனியாக வாசிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதுவும் கையை விட்டுப் போகும்.

இங்கே உள்ள ரிப்பேர்க்காரர், பழைய கீயைக் கழற்றி எறிந்துவிட்டு, மரத்தில் வேறு துளை போட்டுப் புதிய கீ மாட்டலாம் என்கிறார். அந்தத் தலையில் ட்ரில் இறங்க நான் விட மாட்டேன்.

உங்கள் கடையைப் பற்றி என் மகன் உயர்வாகச் சொல்கிறான். மாமியார் வீட்டுப் பாசம் என்று பாதியைக் கழித்துவிட்டாலும் மீதி உண்மையாக இருக்கலாம். வேலையை ஏற்றுக்கொள்வீர்களா?

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 9

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது.

போன வருஷம் பிள்ளைகள் வீட்டு விருந்தில், உங்கள் சிநேகிதியிடம் என்னைக் காட்டி, "மருமகளோட அம்மா. பொழுதுபோக்கா கிட்டாரெல்லாம் ரிப்பேர் பண்ணுவாங்க" என்று சொன்னீர்கள். அது என் காதில் இன்னும் இருக்கிறது. "இவங்க நின்னுக்கிட்டே தூங்குற வாத்தியம் வாசிக்கிறவங்க" என்று நான் திருப்பிச் சொன்னது உங்கள் காதில் இருக்கும். ஆக, யாருக்கும் பாக்கி இல்லை.

என் பொழுதுபோக்கைப் பற்றிச் சொல்கிறேன். இதை எழுதும்போது என் மேசையில் ஒரு மாண்டலின் இருக்கிறது. எட்டுக் கீயும் துருப்பிடித்து, திறக்காத பூட்டு மாதிரி வந்தது. இன்று காலை எட்டும் இரண்டு விரலுக்குத் திரும்பின. இந்தப் பொழுதுபோக்கில்தான் உங்கள் மருமகளைப் படிக்க வைத்தேன்.

அவள் போனில், "கொஞ்சம் இறங்கி வந்தா என்னம்மா?" என்றாள். "இறங்கறதுக்கு நான் என்ன மாடியிலயா நிக்கிறேன்?" என்று கேட்டேன்.

வேலையை எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்காக இல்லை. தலையில் ட்ரில் இறங்க விட மாட்டேன் என்று எழுதினீர்களே, அந்த வரிக்காக.

நான் அங்கே வர மாட்டேன். கூப்பிடாத வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை. அவ்வளவு பெரிய வாத்தியத்தை இவ்வளவு தூரம் அனுப்பினால் வழியில் அடிபடும். அதனால் இடப்பக்கத் தகட்டை மட்டும் கழற்றி அனுப்புங்கள். கழற்றப் போவது நீங்கள்தான்.

வாத்தியத்தை மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இடப்பக்கத்துத் தந்தி இரண்டை மட்டும் அவிழுங்கள். வலப்பக்கத்தைத் தொடவே வேண்டாம். நான்கையும் அவிழ்த்தால் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாய்ந்துவிடும், வயிற்றுக்குள் நிற்கும் சின்னக் குச்சியும் விழுந்துவிடும். அது விழுந்தால் வாத்தியத்துக்குப் பேச்சு மூச்சு இருக்காது. முதலில் பல்சக்கரத்தின் நடு ஸ்க்ரூ, பிறகு தகட்டின் ஸ்க்ரூக்கள். ஓர் அட்டையில் தகட்டின் படத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஒன்றின் வீட்டில் இன்னொன்று குடியிருக்காது. திருப்புளியின் நுனி ஸ்க்ரூவின் பள்ளத்தை முழுக்க அடைக்க வேண்டும். வராத ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதீர்கள். ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னின் சூடான நுனியை அதன் தலையில் கொஞ்ச நேரம் வைத்தால் தானாக இளகும்.

மருமகளின் அம்மா


மார்ச் 17

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கழற்றிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்தார். ஆபரேஷன் தியேட்டரில் நிற்பவர் போல மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பிடித்தார். ஒரு ஸ்க்ரூ மட்டும் வராமல் அடம் பிடித்தது. நீங்கள் சொன்னபடி சூடு வைத்தேன். 'க்ரீச்' என்று ஒரு முனகல், அப்புறம் வந்துவிட்டது. மற்றவை சொன்ன பேச்சைக் கேட்டு வந்தன. சில ரொம்பவே சுலபமாக வந்தன.

இத்தனை வருஷம் கட்டிப்பிடித்து வாசித்திருக்கிறேன், அந்தத் தகட்டின் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. என் கை தந்திக்கு மட்டும்தான் பழகியது என்று நினைத்திருந்தேன். திருப்புளிக்கும் பழகும் போலிருக்கிறது. ஒரு ஸ்க்ரூ தலைகூடச் சிதையவில்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள். அலுவலக வேலையாக அந்தப் பக்கம் வரும் உங்கள் மாப்பிள்ளை பொட்டலத்தைக் கையில் கொண்டுவந்து தருவான்.

'நின்றுகொண்டே தூங்கும் வாத்தியம்' பற்றி ஒரு வார்த்தை. மற்றவர்கள் வாசிக்கும்போது நாங்கள் சும்மா நிற்பது உண்மை. அப்போது நாங்கள் தூங்குவதில்லை, எண்ணிக்கொண்டிருப்போம். நாங்கள் சரியான இடத்தில் உள்ளே வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வராவிட்டால் வயலின்காரர்கள் காலுக்குக் கீழே தரை இருக்காது. அந்தத் தரை நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

இப்போதைக்கு வேறொரு பேஸில் வாசிக்கிறேன். இன்னொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 26

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு,

வந்து சேர்ந்தபோது அது பித்தளையா தாரா என்று தெரியவில்லை. பழைய எண்ணெயும் தூசியும் துணிப்பிசிறும் சேர்ந்து கறுப்பாக உறைந்து கிடந்தது. ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மூங்கில் குச்சியைச் சீவி ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் விட்டு எடுத்தேன். அழுக்குப் போனதும் அடியில் ஒரு கொடி தெரிந்தது. யாரோ கையால் செதுக்கிய இலைக்கொடி, தகட்டின் ஓரம் முழுக்க ஓடுகிறது. அதனால் பளபளவென்று பாலிஷ் போடவில்லை. போட்டால் கொடியும் சேர்ந்து தேய்ந்துவிடும். பழசு பழசாகவே இருக்கட்டும், வேலை மட்டும் புதிதாகச் செய்யட்டும்.

இறுகிய கீயின் தண்டு லேசாக வளைந்திருந்தது. எப்போதோ கதவில் இடித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, வைஸ் இடுக்கியில் பிடித்து, அவசரப்படாமல் நிமிர்த்திவிட்டேன்.

நழுவிய கீயில் சக்கரத்தின் பல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. தந்தி எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால் பாரம் முழுவதும் அந்த நாலைந்து பல்லின் மேல்தான் விழும். சக்கரத்தின் நடுத்துளை சதுரம். அதனால் அதைக் கழற்றிக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினேன். இனி தேயாத பற்கள் பாரம் தாங்கும். நழுவியதற்குக் காரணம் இதுதான், அடித்துச் சொல்கிறேன்.

பல்லில் கடுகளவு கிரீஸ் வைத்திருக்கிறேன். அதுவே ஒரு வருஷத்துக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெயை நிறுத்துங்கள். சுருதி சேர்க்கும்போது கீழேயிருந்து மேலே ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்துங்கள். மேலே போய்விட்டால், நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். அப்போதுதான் பல்லோடு பல் அழுந்தி உட்காரும்.

ஸ்க்ரூ தலைகளைப் பார்த்தேன். ஒன்றும் சிதையவில்லை. ரிப்பேர் என்று போர்டு வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இவ்வளவு சுத்தமான கை கிடையாது. இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தகவலுக்காகச் சொன்னேன்.

மருமகளின் அம்மா


ஏப்ரல் 2

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தகட்டை மாட்டினேன். கொடி அழகு. கீ வெண்ணெய் மாதிரித் திரும்புகிறது. ஆனால் நிற்கவில்லை.

நேற்று ஒத்திகை நடுவில் சுருதி மறுபடி இறங்கியது. எல்லோரும் நிறுத்தினார்கள். புதுசு தன் நாற்காலியிலிருந்து, "மேடம், பேஸ் மட்டும் தனியா வேற பாட்டு வாசிக்குதா?" என்றார். சிரித்தார்கள். என்னோடு வருஷக்கணக்காகப் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அடித்துச் சொன்னீர்கள். அடி எனக்கு விழுந்தது.

நிர்வாகக் குழு இந்த மாதம் பத்தொன்பதாம் தேதி ஒத்திகையைக் கேட்க வருகிறது. அன்றைக்கே முடிவு.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 5

என் மேசையை விட்டுப் போன சக்கரம் நழுவாது. அனுப்புவதற்கு முன்னால் தகட்டை ஒரு கட்டையில் பூட்டி, தந்தியில் இரண்டு வாளித் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டு, சக்கரத்தில் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தபோது கோடு முடியளவுகூட நகரவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்ளுங்கள்.

மருமகளின் அம்மா

பின்குறிப்பு: நழுவும்போது ஏதாவது சத்தம் கேட்கிறதா? கேட்டால், எந்த இடத்திலிருந்து?


ஏப்ரல் 8

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன். பின்குறிப்பு தடுத்துவிட்டது.

சத்தம் கேட்கிறது. என் வீட்டுக்காரரைக் கீயைத் திருப்பச் சொல்லிவிட்டு, நான் வாத்தியத்தின் தலையில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். 'டிக்'. மிகச் சின்னது. மேடையில் இருபது பேர் வாசிக்கும்போது கேட்கவே கேட்காது. சக்கரத்திலிருந்து வந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தமாக இருக்கும். இது மந்தமாக, மரத்துக்குள்ளிருந்து வந்தது. தகடும் மரமும் சேரும் விளிம்பில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். தந்தி இறுகும்போது தகடு மூச்சு விடுகிறது. மெல்லத் தூக்கிக்கொள்கிறது, பிறகு 'டிக்' என்று நகர்கிறது.

ஒரு ஸ்க்ரூவைத் தொட்டேன். திருப்புளியே வேண்டியிருக்கவில்லை, விரலோடு வந்துவிட்டது. துளைக்குள் மரம் கறுத்து, ஊறி, நகத்தால் கீறினால் பொடியாக உதிர்கிறது. ஊறியிருப்பது எண்ணெய். யார் விட்ட எண்ணெய் என்று நான் எழுத வேண்டியதில்லை.

உங்கள் சக்கரத்தின் மேல் தப்பில்லை. அந்த மரத்தை நீங்கள் பார்க்கவே இல்லை. அதைக் கழற்றிப் பொட்டலம் கட்டி அனுப்ப என்னால் முடியாது.

அதனால் கூப்பிடுகிறேன். பிள்ளைகள் சொல்லிக் கூப்பிடவில்லை. பேஸுக்காக மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். என் வீட்டுக்கு வாருங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 10

சம்பந்தி அம்மாவுக்கு,

சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன்.

காரணம் சக்கரம்தான் என்று அடித்துச் சொன்னது தப்பு. மரத்தைப் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது. இதை ஒரு தரம்தான் எழுதுவேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். நல்ல எண்ணத்தில் விட்ட எண்ணெய்தான். எத்தனையோ வாத்தியங்கள் தொட ஆளில்லாமல் என் கடைக்கு வருகின்றன. கவனிப்பு அதிகமாகிக் கெட்டது இது ஒன்றுதான்.

காதை வைத்துக் கண்டுபிடித்தீர்களே, அதை இரண்டு தரம் படித்தேன்.

நான் வரும்வரை அந்தத் தகட்டை யாரும் தொடக் கூடாது. உங்கள் வீட்டுக்காரரை டார்ச்சோடு தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

மருமகளின் அம்மா


ஏப்ரல் 20

சம்பந்தி,

நீங்கள் வண்டி ஏறிய பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. மூன்று நாளாக என் கூடத்தில் மரத்தூளும் ஸ்பிரிட் வாடையும் உங்கள் அதட்டலும். ஃபேனைப் போட்டால் பசை கெடும் என்று எங்களை வேர்க்க வைத்தீர்கள். துளைகளில் நல்ல மரம் தெரியும் வரை சுரண்டி, கடின மரத்தில் சீவிய ஆப்பைப் பசையோடு அடித்து வைத்துவிட்டு, "காயற வரைக்கும் யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று என்னைச் சமையலறைக்கு விரட்டினீர்கள். என் வீட்டில், என்னை! என் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்க்காமல் இல்லை.

இருந்தாலும், ஸ்க்ரூ புது மரத்தில் இறங்கும்போது வந்த அந்த இறுக்கமான 'கிர்ர்' சத்தத்தை நானும் கேட்டேன். அதற்கு என்ன சுருதி என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

இப்போது நேற்றைய கதை. ஒத்திகை தொடங்குமுன் புதுசு, சுருதி சரியா என்று முள் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நிர்வாகக் குழுவினர் வரிசையாக உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து மேலே ஏற்றி நிறுத்தினேன். பிறகு கீயைத் தொடவே இல்லை. ஒத்திகை முழுக்க வாசித்தோம். வேண்டுமென்றே அழுத்தி வாசித்தேன், தகடு பிய்த்துக்கொள்வதென்றால் இப்போதே பிய்த்துக்கொள்ளட்டும் என்று. முடிந்ததும் ஒவ்வொரு தந்தியாகத் தட்டினேன். முள் நடுவில் நின்றது. நான்கு தந்திக்கும் நின்றது.

புதுசு குனிந்து பார்த்தார். "கீ மாத்திட்டீங்களா மேடம்? எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை. இதே கீதான்."

"யாரு பண்ணாங்க?"

"எங்க சம்பந்தி."

"ஓ, வீட்டு ஆளா? சும்மா தெரிஞ்ச அளவுக்கு…"

"சும்மா இல்லை. அதுதான் அவங்க தொழில். இந்த வேலையில அவங்களுக்கு மேல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். அந்தக் குழுவில் செல்லோ வாசிக்கும் ஒருவர் இருக்கிறார், பேசவே மாட்டார். அவர் எழுந்து வந்து தகட்டின் கொடியைத் தடவிப் பார்த்தார். "இது எங்கயும் போகாது. வாசிக்கிறவங்களும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். புதுசு தன் கருவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பேஸ் இருக்கிறது. நானும் இருக்கிறேன். தனி வாசிப்பும் எனக்குத்தான். இதோடு கச்சேரி டிக்கெட் வைத்திருக்கிறேன், மூன்றாவது வரிசை. வலப்பக்கத் தகட்டை எப்போது பார்ப்பீர்கள் என்று செல்லோக்காரர் கேட்கிறார். அவருடையதையும் காட்ட வேண்டுமாம். வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி


மே 14

சம்பந்தி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கச்சேரி முடிந்ததும் உங்களைச் சுற்றி ஒரே கூட்டம். சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதிப் பழகிவிட்டது.

முதல் பாதி முழுக்க நான் பாட்டைக் கேட்கவே இல்லை. இடப்பக்கத் தகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரங்கத்தில் ஏசியைக் கூட்டி வைத்துவிட்டார்கள். குளிருக்குத் தந்தி சுருங்குமே, மரம் என்ன செய்யுமோ, பசை நன்றாகக் காய்ந்ததா, இன்னும் ஒரு நாள் விட்டிருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நம் பிள்ளைகள் இருவரும் என் கையை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுந்து மேடைக்குப் போய்விடுவேன் என்று பயந்தார்களாம்.

உங்கள் பகுதி வருவதற்கு முன்னால் கீயைத் தொட்டீர்கள். கொஞ்சம் இறக்கி, கீழேயிருந்து ஏற்றி, நிறுத்தினீர்கள். அவ்வளவு பெரிய சபையில் அது எதற்கு என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

அப்புறம் வாசித்தீர்கள். கதவில்லாத பெரிய வீட்டுக்குள் ஒருவர் நிதானமாக நடந்து வருவது மாதிரி இருந்தது. எனக்கு இசையைப் பற்றிப் பேசத் தெரியாது; ரிப்பேர் பண்ணத்தான் தெரியும். வாத்தியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதன் கீதான் கேட்கும், பிரிட்ஜ்தான் கேட்கும், எங்கே விரிசல் என்றுதான் காது போகும். அன்றைக்குத் தகட்டை மறந்துவிட்டேன். எப்போது மறந்தேன் என்றுகூடத் தெரியவில்லை. கை தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாசிச்சவங்க உங்களுக்கு வேண்டியவங்களா?" என்று கேட்டார்.

"எங்க சம்பந்தி" என்றேன். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். அந்த வரிசையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னொரு தரம் சொன்னேன்.

உங்கள் சம்பந்தி